பத்தாம் வகுப்பு வந்ததும் சாரணர் சீருடையைக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மணப்பாறையில் வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். எங்கள் மகன் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படிக்கிறான். இந்த ஆண்டு அவனுக்கு ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் விருது, கிடைத்திருக்கிறது. சாரணர் இயக்கத்தில், அதாவது ஸ்கவுட்டில், பள்ளி மாணவன் ஒருவன் எட்டக்கூடிய உச்சம் அதுதான். சான்றிதழ் வந்த அன்று அவன் அப்பா சரக்கு இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் தொட்டார். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதினால் உங்கள் பக்கம் போதாது. அதைச் சொல்லிக்கொள்வதில் கூச்சமும் இல்லை.

சேதி தெருவில் பரவியதும் நிறையப் பேர் வந்து விசாரித்தார்கள். பாதிப் பேர், "எந்தப் போட்டியில ஜெயிச்சான்?" என்று கேட்டார்கள். மீதிப் பேர், "இதனால என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்கள். நல்ல மனசோடு கேட்டவர்கள்தான். அவர்களுக்கு வாசலில் நின்று சொன்னதை இன்னும் கொஞ்சம் நிதானமாக எழுதலாமே என்று தோன்றியது. அதோடு, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

முதலில், இது போட்டியே அல்ல. ஒருவனைத் தோற்கடித்து இன்னொருவன் வாங்குகிற விருது அல்ல இது. ஆறாம் வகுப்பில் அவன் சேர்ந்தபோது முதலில் பிரவேஷ் என்றான். அப்புறம் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், அதன் பிறகு ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார், கடைசியில்தான் ராஷ்டிரபதி. இந்தப் பெயர்களெல்லாம் எங்கள் வீட்டில் அவன் அப்பாயிக்குக்கூட வரிசையாகத் தெரியும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. இடையில் இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஆரம்பப் படிகளுக்குச் சோதனை பள்ளியிலும் மாவட்டத்திலும் நடக்கும், ராஜ்ய புரஸ்காருக்கு மாநில அளவில் நடக்கும், ராஷ்டிரபதிக்குத் தேசியத் தலைமையகம் நடத்தும். செய்ததையெல்லாம் தேதி போட்டு, படம் வரைந்து லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மூளைக்கார மாணவன் ஒருவன் ஒரு மாதம் கண்விழித்துப் படித்து வாங்கிவிடக்கூடிய விருது அல்ல இது. வருடக்கணக்காக விடாமல் இருந்தவனுக்குத்தான் கிடைக்கும்.

சேர்ந்த புதிதில் தினமும் வீட்டில் ஒரு நற்செயல் செய்துவிட்டு டைரியில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதினோரு வயதுப் பையன் என்ன செய்வான்? அப்பாயிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டான். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தான். மாவு மில்லுக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு போனான். டைரி எழுதி முடித்த பிறகும் மில்லுக்குப் போகிற வேலை மட்டும் அவனுடையதாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் அவன்தான் போகிறான்.

அந்த வருடமே கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். மற்ற பாடமெல்லாம் எப்படி நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவனுடைய ஸ்கவுட் சார் மட்டும் போனில் வீடியோ எடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், க்ளோவ் ஹிட்ச், போலைன், ஷீப் ஷாங்க். முறுக்குப் பெட்டி கட்டுகிற சணல் கயிறு எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். கட்டில் கால், ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம் என்று ஒன்றையும் விடாமல் கட்டிக்கட்டிப் பார்த்தான். போலைன் முடிச்சு ஏன் முக்கியம் என்று எனக்கு விளக்கினான். அது எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளையம். கிணற்றில் விழுந்தவருக்கு இடுப்பில் போட்டுத் தூக்கினால் நெரிக்காது, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழ்த்துவிடலாம். கிணறு வைத்திருக்கிற வீட்டுக்காரி நான். எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

பெரிய வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தில் சவுக்குக் கம்புகளால் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கண்காணிப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆணி கிடையாது, எல்லாமே கயிறு. என் மகன் குறுக்கே வைத்த இரண்டு கம்புகளைக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் நிற்கிற கம்பில் ஒரு க்ளோவ் ஹிட்ச் போட்டான். பிறகு இரண்டு கம்பையும் சேர்த்து மேலும் கீழுமாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் பிறகு கம்புகளுக்கு நடுவே கயிற்றை விட்டு, காலை உதைத்துப் பின்னால் சாய்ந்து இழுத்து இறுக்கினான். அந்த இறுக்கில்தான் கட்டு நிற்கும் என்றான். மறுபடி ஒரு க்ளோவ் ஹிட்ச்சோடு முடித்தான். கோபுரம் எழுந்து நின்றதும் முதலில் ஏறிப் பார்த்தவர் அவர்களுடைய சார். அவர் நல்ல கனமான மனிதர். அவர் மேலே நின்று இரண்டு குதி குதித்த பிறகுதான் பிள்ளைகளை ஏறவிட்டார். கட்டு அசையவில்லை. கீழே நின்ற தாய்மார்கள் நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

பாத்திரமில்லாமல் சமைப்பதும் அவர்களுக்கு ஒரு பாடம். கேம்ப்புக்கு முன்னால் எங்கள் கொல்லையில் பழகினான். உருளைக்கிழங்குக்குக் களிமண் பூசிக் கங்குக்குள் புதைத்தான். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து பச்சைக் குச்சியில் சுற்றி அனலில் காட்டிச் சுட்டான். அவன் அப்பாயி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "மாடு மேய்க்கயில நாங்க மொச்சக்காயச் சுட்டுத் தின்னதுதானே, இதுக்குமா சர்ட்டிபிகேட்டு?" என்றார்கள். அவனும் விடாமல் அப்பாயியிடம் உட்கார்ந்து, எந்த விறகு புகையாமல் எரியும், மழை நாளில் தீ மூட்ட எதை வைக்கலாம் என்று கேட்டு லாக் புக்கில் எழுதிக்கொண்டான். சோதனை முகாமில் அது உதவியது என்று சொன்னான்.

எனக்கு இந்த விருதின் மதிப்பு புரிந்த இடம் மைதானமோ கேம்ப்போ இல்லை. எங்கள் வீட்டு அடுப்படிதான்.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் உண்டு. தீபாவளி நேரம், நான்கு பேர் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தோம். சட்டி சாய்ந்து கொதிக்கிற எண்ணெய் அந்த அக்காவின் வலது முன்கையில் கொட்டிவிட்டது. ஒருத்தி இட்லி மாவை எடுக்க ஓடினாள். ஒருத்தி பற்பசையைத் தேடினாள். இங்க் ஊற்று என்று வாசலிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரில் காலங்காலமாக இப்படித்தான். மகன் உள்ளே வந்து முதலில் அடுப்பை அணைத்தான். "யாரும் எதையும் பூசாதீங்க" என்று ஒரு சத்தம் போட்டான். அவன் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அக்காவைத் தொட்டிப் பக்கம் கூட்டிப் போய்க் கையிலிருந்த கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னான். கை வீங்கிவிட்டால் பிறகு கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றான். அன்றைக்கென்று குழாயில் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு விட்டுக்கொண்டே இருந்தான். அக்கா, "போதும்டா தம்பி" என்று அழுதார்கள். இருபது நிமிடம் ஆக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான். பக்கத்து வீட்டிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்தார்கள், அதையும் வேண்டாம் என்றான். பிறகு துவைத்து வைத்திருந்த சுத்தமான வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இறுக்காமல் மேலாகப் போர்த்தி, 108-க்குப் போன் பண்ணச் சொல்லி, தானும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனான். கொப்புளத்தை யாரும் உடைத்துவிடாதபடி வழியெல்லாம் பார்த்துக்கொண்டான். அந்த அக்கா இப்போது மறுபடியும் எங்களோடுதான் முறுக்கு சுற்றுகிறார்கள். கையில் மங்கலாக ஒரு அடையாளம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் வயதுக்கு அந்தப் பதற்றமில்லாத தன்மை எங்கிருந்து வந்தது? ஒரு நாளில் வரவில்லை. முக்கோணக் கட்டுத் துணியை என் கழுத்திலும் அப்பாயி கழுத்திலும் மாட்டி மாட்டி, கை முறிந்தவருக்குத் தொட்டில் போடுவது எப்படி என்று எத்தனையோ சாயங்காலம் பழகியிருக்கிறான். கழுத்தில் கட்டுகிற அந்த ஸ்கார்ஃபே அவசரத்துக்குக் கட்டுத் துணியாகும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 'தயாராக இரு' என்பது அவர்களுடைய குறிக்கோள். அது சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்கிற வாசகம் என்று இனி என்னால் நினைக்க முடியாது.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ராஜ்ய புரஸ்கார் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வாக்கில் முடிகிறது. அதற்கு அடுத்துத்தான் ராஷ்டிரபதி. சரியாக அந்த இடத்தில்தான் பிள்ளைகளை நாம் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். "பத்தாவது வந்திருச்சு, ஸ்கவுட்டெல்லாம் போதும்" என்கிறோம். என் மகனோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த அணியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒருவன் திசைகாட்டி இல்லாமலே திசை சொல்வான். ஒருவன் மரத்தின் உயரத்தை ஒரு கம்பையும் அதன் நிழலையும் வைத்து அளந்து சொல்வான். ஆளுநர் விருதோடு அவர்களை நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் கடைசிவரை வந்திருந்தால் என் மகனைவிட நன்றாகச் செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அவனும் அதையேதான் சொல்கிறான்.

எங்கள் ஊர் முறுக்கை ஒரே தடவையில் பொரித்து எடுக்க மாட்டோம். பாதி வெந்ததும் எடுத்து ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்போம். முதல் தடவை எடுத்ததைப் பார்த்தால் முறுக்கு மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த மொறுமொறுப்பு வராது. பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படுகிற சாரணப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் கடைசிப் படியில்தான் பிள்ளை தனக்காகச் செய்வதை விட்டு ஊருக்காகச் செய்யத் தொடங்குகிறான். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அணியை நடத்துகிறான். ஊர்ப் பொது வேலை ஒன்றை எடுத்து முடிக்கிறான். இவர்கள் குளக்கரையில் பனை விதை ஊன்றினார்கள். ஊன்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடவில்லை. எது முளைத்தது, எதை ஆடு கடித்தது என்று மாதாமாதம் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பட்டுப்போன இடத்தில் மறுபடி ஊன்றினார்கள். பனை வளர்ந்து காய்ப்பதற்குள் இவர்களுக்கே பிள்ளைகள் பிறந்துவிடும். அது தெரிந்தும் பதினாறு வயதுப் பையன்கள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்பில் பேச்சு வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் சாரணர் பாடவேளையையே எடுத்துவிட்டு அதில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அப்போது ஸ்கவுட் சார் வீட்டுக்கு வந்தார். அவர் கணக்கு வாத்தியார். வந்து திண்ணையில் உட்கார்ந்து, தேர்வு மாதங்களில் எந்தக் கேம்ப்பும் வைக்க மாட்டேன், வாரத்தில் சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் விடுங்கள், கணக்கில் சந்தேகம் இருந்தால் அதையும் அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவன் அப்பா, "வண்டி ஓட்டுறவன் நான். நடுரோட்டுல அடிபட்டுக் கிடக்குறவனுக்கு என்ன செய்யணும்னு தெரியாம நின்னிருக்கேன். எம் மகனுக்குத் தெரியுது. போகட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இங்கே எழுதவில்லை, இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. நல்ல மதிப்பெண்தான் வாங்கினான் என்று மட்டும், பயப்படுகிற தாய்மாருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஆசிரியரைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. இந்த வேலைக்கென்று அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் இருக்கிற சனிக்கிழமையில் அவர் மைதானத்தில் நிற்கிறார். கேம்ப் என்றால் பிள்ளைகளோடு டென்ட்டில் படுக்கிறார். பயணச் செலவுக்கு முடியாத பிள்ளைகளுக்காகச் சாரணர் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உழைத்துப் பணம் சேர்க்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கிறார். ஒரு வருடம் பள்ளி விழாவில் பிள்ளைகள் முறுக்குக் கடை போட்டார்கள். மாவும் எண்ணெயும் அடக்க விலைக்கு நாங்கள் கொடுத்தோம், சுற்றியதும் பொரித்ததும் விற்றதும் அவர்கள்தான். முதல் ஈடு கருகிப்போனது, அதையும் கணக்கில் எழுதினார்கள். சாரணர் விதிகள் ஒன்பதில் சிக்கனம் ஒன்று. நம்பிக்கைக்கு உரியவனாக இருப்பதுதான் முதல் விதி. கருகிய முறுக்கையும் கணக்கில் எழுத வைத்தவர் அந்த ஆசிரியர். இப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். பிள்ளைக்கு ராஷ்டிரபதி விருது வந்தால் அதில் பாதி அவர்களுடையது.

இந்த இயக்கம் ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சேதி. மகன் சோதனைக்குப் படிக்கும்போது உரக்கப் படிப்பான், வேலை செய்துகொண்டே கேட்பேன். இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தினார். இரண்டு வருடத்தில் இந்தியாவுக்கும் இயக்கம் வந்தது. ஆனால் அப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம், நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அவரோடு பணியாற்றிய அருண்டேலும் சேர்ந்து இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தலையில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. வடக்கே மதன் மோகன் மாளவியா போன்றவர்களும் இதே வேலையைச் செய்தார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு சேர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950 நவம்பர் 7 அன்று பல சங்கங்களும் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட ஓர் இயக்கத்தில் சென்னையில் ஆரம்பித்த முயற்சியால் இடம் கிடைத்து, இன்று முறுக்குக்காரியின் மகன் அதன் உச்சிப் படியில் நிற்கிறான். இதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை எங்கள் மணப்பாறை சிப்காட் வளாகத்தில்தான் அந்த இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலத்துச் சாரணர்கள் ஒன்றுகூடுகிற பெரிய முகாம் அது, ஜாம்போரி என்பார்கள். மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர்போன ஊரில் அந்த வாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீருடைதான். பஸ் நிலையத்தில் எந்த மாநிலத்துப் பிள்ளை என்றே தெரியாது, கழுத்தில் ஸ்கார்ஃபைப் பார்த்ததும் என் மகன் இடது கையை நீட்டுவான், அந்தப் பிள்ளையும் இடது கையை நீட்டும். அவர்கள் குலுக்குவது இடது கைதான். மொழி தெரியாத இரண்டு பிள்ளைகள் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி மாற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். வடக்கிலிருந்து வந்த ஒரு சாரணிப் பெண் என் மகனோடு எங்கள் தெருவுக்கு முறுக்கு வாங்க வந்தது. கூடவே அதன் ஆசிரியையும் வந்தார். மாவு பிழிவதைப் பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்து ஒரு முறுக்கு சுற்றிப் பார்த்தது. அந்த ஒரு வாரம் எங்கள் ஊரில் நடந்ததை ஊரே பார்த்தது. அப்படியிருந்தும் அந்த விருது என்ன என்று ஊருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

"இதனால என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ரயில்வேயில் சாரணர் இட ஒதுக்கீடு இருக்கிறது. குடியரசுத் தலைவர் விருது வாங்கியவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. விருது மட்டும் போதாது, தொடர்ந்து இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும், தேசிய, மாநில முகாம்களில் கலந்துகொண்டிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் சாரணர்களுக்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண் தருகிறார்கள். இங்கேயும் தர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதிப்பெண்ணுக்காகச் சேர்கிற பிள்ளை மதிப்பெண் வந்ததும் போய்விடும். எனக்கு வேண்டியது வேறு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாரத்தில் அந்த ஒரு பாடவேளையைப் பள்ளிகள் பிடுங்காமல் இருந்தால் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மாவட்டப் பக்கத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படத்தை வரிசையாகப் போடுகிறீர்கள். அவர்கள் படித்த படிப்புக்கு அது வேண்டியதுதான். அதே போல ஆண்டுக்கு ஒரு தடவை ராஷ்டிரபதி விருது வாங்கிய சாரணர், சாரணியர் பெயர்களையும் போடுங்கள். இடம் இல்லையென்றால் படம் வேண்டாம், பெயரும் பள்ளியும் ஊரும் போதும். கூடவே அவர்களைத் தயார் செய்த சாரண ஆசிரியரின் பெயரையும் போடுங்கள். எங்கள் சார் வேண்டாம் என்பார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்தால் சாரணர் படையில் சேரலாம். பெண் பிள்ளைகளுக்குச் சாரணியர் படை இருக்கிறது, விருதும் ஒன்றுதான். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் குருளையர், நீலப்பறவையர் என்று தனிப் பிரிவுகள் உண்டு. ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் படை இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பிள்ளை ராஜ்ய புரஸ்கார் முடித்திருந்தால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். லாக் புக்கை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள், சாரண ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள், தேர்வு மாதங்களை விட்டு மீதி மாதங்களுக்கு ஒரு திட்டம் போடுங்கள். பிளஸ் டூ முடிவதற்குள் ராஷ்டிரபதி சோதனைக்குப் போய்விடலாம்.

இப்படிக்கு,
ராஷ்டிரபதி விருது பெற்ற சாரணன் ஒருவனின் தாய்,
மணப்பாறை, திருச்சி மாவட்டம்.